நாலு பெட்டிக்கும் ஒரே ஒயிலா? ஃபோர் வீல் டபிள் கப்புக்குக் கியர் ஒயில் வாங்கும் முன்

உதிரிப்பாகக் கடைக்குப் போய் "கியர் ஒயில் ஒரு ஏழு லீற்றர் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். "தொண்ணூறா, நூற்றி நாற்பதா?" என்று ஒரு கேள்வி வரும், அவ்வளவுதான். எந்த வாகனம், எந்தப் பெட்டிக்கு, கடலுக்குள் இறக்குகிற வண்டியா டவுனுக்குள் மட்டும் ஓடுகிற வண்டியா, ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் சொல்லவேண்டும். சொல்லத் தெரியாமல் நானும் பல வருடம் ஏழு லீற்றர் தொண்ணூறைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான்.

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்), எல்என்106, 2.8 லீற்றர் டீசல், முன்னுக்கும் முழு அச்சு, நாலு பக்கமும் இலை ஸ்பிரிங். வாங்கிய புதிதில் ஒரு கராஜில் விட்டு "முழு ஒயிலும் மாற்றிவிடுங்கள் பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாற்றினார்கள். கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி (எஞ்சின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிப்பது), முன் டிஃப், பின் டிஃப் (டிஃபரென்ஷியல், அச்சின் நடுவில் இருந்து சில்லுகளைச் சுற்றுகிற பல் பெட்டி), நாலுக்கும் ஒரே கானிலிருந்து ஜீஎல் 5 வகைத் தொண்ணூறு (ஜீஎல் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காலையில் எடுத்து இரண்டாம் கியர் போடும்போது "கர்ர்" என்று பல்லோடு பல் உரசுகிற சத்தம். எங்கள் திருகோணமலையில் உள்ள அனுராதபுரச் சந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடேறிவிடும், சத்தம் குறைந்துவிடும், நானும் மறந்துவிடுவேன். "கிளச் போயிருக்கும்" என்றார்கள். கிளச் தட்டு மாற்றினேன். காசு போனது, சத்தம் போகவில்லை. கடைசியில் நானே கீழே படுத்து, பெட்டி ஒயிலை ஒரு வெள்ளை பேசினில் இறக்கி வெயிலில் வைத்துப் பார்த்தேன். பொற்கொல்லர் பட்டறையில் கூட்டி எடுத்த தூசி மாதிரி, கறுத்த ஒயிலுக்குள் மஞ்சள் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது. பித்தளை. கியர் மோதாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்து ஒயிலில் மிதக்கிறது.

ஆகவே இதில் நான் சொல்லப்போவது முக்கியமாக ஒன்றுதான்: "எந்த ஒயில் நல்லது?" என்று கேட்காதீர்கள், "எந்தப் பெட்டிக்கு?" என்று கேளுங்கள். பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கானில் எழுதியிருப்பதை வாசிப்பது

கானில் பார்க்கவேண்டியது இரண்டு விஷயம். ஒன்று ஒயில் எவ்வளவு தடிப்பு என்பது, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று எழுதியிருக்கும். மற்றது ஒயிலுக்குள் என்ன மருந்து கலந்திருக்கிறது என்பது, ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) தரப்படி ஜீஎல் 4, ஜீஎல் 5 என்று எழுதியிருக்கும். எங்கள் ஆட்கள் முதலாவதைப் பற்றியே முழு நேரமும் சண்டை பிடிப்பார்கள். வாகனத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தடிப்பைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். தொண்ணூறு என்றவுடன் எஞ்சின் ஒயில் நாற்பதைவிட இரண்டு மடங்கு தடிப்பு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. எஞ்சின் ஒயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஒயிலுக்கு வேறு அளவுகோல். 100 பாகை செல்சியஸில் எஞ்சின் ஒயில் நாற்பது என்பது 12.5 முதல் 16.3 சென்ரிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு) வரை, கியர் ஒயில் தொண்ணூறு என்பது 13.5 முதல் 18.5 வரை. ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்றுதான் வருகின்றன. நூற்றி நாற்பதுதான் உண்மையில் தடிப்பு, அது 24இல்தான் தொடங்குகிறது.

"டபிள்யூ" க்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 பாகையிலும் ஒயில் இறுகாமல் ஓடும், 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 வரை, 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 வரை. திருகோணமலையில் மார்கழி மழையில் விடியற்காலம் ஸ்வெட்டர் போட்டாலும் மைனஸ் என்பதை நாங்கள் ஐஸ் பெட்டிக்குள்தான் பார்க்கிறோம். அதனால் அந்த எண்ணுக்காக மட்டும் டிஃப்புக்குக் கூடக் காசு கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். கியர் பெட்டியில் மட்டும் சின்ன வித்தியாசம் இருக்கிறது: 75டபிள்யூ-90 பெரும்பாலும் சிந்தெடிக் (செயற்கையாக உண்டாக்கிய ஒயில்) அல்லது பாதி சிந்தெடிக், எங்கள் இருபத்தைந்து பாகைக் காலையிலும் அது 85டபிள்யூ-90ஐவிட மெல்லிசாக இருக்கும், முதல் ஐந்து நிமிடம் கியர் இலேசாக விழும். பழைய சிங்க்ரோ உள்ள வண்டிக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய விஷயம்.

சரி, இப்போது ஜீஎல். இதற்குள் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த மருந்து இருக்கிறது. இரும்புப் பல்லுக்கும் இரும்புப் பல்லுக்கும் நடுவில் அழுத்தம் அளவுக்கு மிஞ்சிப்போய், ஒயில் படலம் கிழிகிற இடத்தில், இந்த மருந்து சூட்டில் இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்கி, பல் பல்லோடு ஒட்டிப் பிய்வதைத் தடுக்கும். ஜீஎல் 5 இல் அந்த மருந்து ஜீஎல் 4 ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கானைத் திறந்தால் மூக்கில் அடிக்கிற கூழ்முட்டை மணம் அதுதான், ஆனால் மணத்தை வைத்து எந்த ஒயில் என்று தீர்மானிக்கவேண்டாம்.

ஏன் இரண்டு மடங்கு தேவை? டிஃப்புக்குள் எஞ்சின் பக்கத்திலிருந்து சுற்றி வரும் சின்னப் பினியன் பல், பெரிய வளையப் பல்லின் நடுவில் நேராகப் போய் முட்டுவதில்லை, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரும். ஹைபோயிட் என்பார்கள். அப்படித் தள்ளி வைத்தால் பல் பெரிதாக, பலமாக வரும். ஆனால் பல்லின் மேல் பல் உருளுவதோடு வழுக்கி இழுபடவும் செய்யும். அம்மியில் குழவி இழுபடுகிற மாதிரி. அந்த இழுபடலுக்கு ஜீஎல் 4 காணாது. ஆகவே டிஃப்புக்கு ஜீஎல் 5, இதில் பேரம் பேச இடமில்லை.

கியர் பெட்டிக்குள் கதை வேறு. அங்கே சிங்க்ரோ வளையம் என்று ஒன்று இருக்கிறது, அனேகமாகப் பித்தளை. அதன் வேலையே உரசுவதுதான்: கியர் மாற்றும்போது கூம்பு மாதிரி உள்ள பகுதியைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகு பல்லை உள்ளே விடுவது. ஒயில் அளவுக்கு மிஞ்சி வழுக்கினால் வளையம் பிடிக்காது, பிடிக்காவிட்டால் வேகம் சமப்படாது, பல் மோதும், "கர்ர்" வரும். அதோடு சூடு கூடினால் கந்தக மருந்து பித்தளையை மெதுவாகத் தின்னவும் செய்யும். இன்றைய நல்ல ஜீஎல் 5 களில் அந்தத் தின்னும் குணத்தை அடக்கித்தான் விடுகிறார்கள், பழைய காலம் மாதிரி இல்லை. வழுக்குகிற குணம் போகவில்லை.

பெட்டி பெட்டியாக

மனுவல் கியர் பெட்டிக்கு ஜீஎல் 4, 75டபிள்யூ-90. பல டொயோட்டாக்களின் கையேட்டில் "ஜீஎல் 4 அல்லது ஜீஎல் 5" என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "கம்பனியே சொல்கிறது" என்று ஜீஎல் 5 ஊற்றுகிறார்கள். தெரிவு இருந்தால் ஜீஎல் 4 எடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன். என்னுடையதற்கு மாற்றி ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இரண்டாம் கியர் சத்தம் முக்கால்வாசி நின்றது. முழுதாக நிற்கவில்லை, தேய்ந்த பித்தளை திரும்ப வளராது.

"கானில் ஜீஎல் 4/5 என்று இரண்டும் போட்டிருக்கிறதே, அது?" என்று கேட்பார்கள். கையேடு இரண்டையும் அனுமதித்தால் பாவிக்கலாம். ஆனால் ஜீஎல் 5 அளவுக்கு மருந்து உள்ள ஒயில் ஜீஎல் 4 தேர்விலும் தேறும் என்பதுதான் பல கான்களில் அதன் பொருள், பித்தளைக்கு நல்லது என்பதல்ல.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மனுவல் பெட்டி என்றாலே தொண்ணூறு என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக்கூடாது. பல இசுசு பிக்கப்களின் மனுவல் பெட்டி எஞ்சின் ஒயில் கேட்கும், ஆம், எஞ்சின் ஒயில்தான். பழைய லாண்ட்ரோவர் டிஃபென்டரின் எல்டி77 பெட்டி ஏடிஎஃப் கேட்கும், ஓட்டோ கியருக்கு விடும் சிவப்பு ஒயில். அதற்குள் தொண்ணூறு விட்டால் காலையில் கியர் தடியை இரண்டு கையாலும் தள்ளவேண்டியிருக்கும். ஓட்டோ கியர் வண்டி என்றால் இந்தக் கட்டுரையையே மறந்துவிட்டு, கையேட்டில் சொன்ன அதே ஏடிஎஃப் வகையை மட்டும் வாங்குங்கள், அங்கே "கிட்டத்தட்ட அதுதான்" என்ற கதைக்கு இடமில்லை.

டிரான்ஸ்ஃபர் பெட்டி, அதாவது டூ வீல், ஃபோர் வீல், லோ என்று மாற்றுகிற பெட்டி. இதுதான் குழப்பமானது. உள்ளே முழுதும் பல் என்றால் பெரும்பாலும் கியர் பெட்டியின் ஒயிலையே கேட்கும். உள்ளே சங்கிலி ஓடுகிற வகைகளில் பல ஏடிஎஃப் கேட்கும், நிசான் டி40 நவாராவில் அப்படித்தான். சங்கிலி இருந்தும் கியர் ஒயில் கேட்கிற வகையும் இருக்கிறது. ஆகவே ஊகிக்கவேண்டாம், கையேடு இல்லாவிட்டால் மொடல் எண்ணைப் போட்டு இணையத்தில் தேடிக் கையேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "போன முறை என்ன இருந்தது என்று பார்த்து அதையே விடுவோம்" என்பது ஒரு வழி மாதிரித் தெரியும், ஆனால் போன முறை விட்டவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம் அல்லவா.

பழைய லாண்ட்க்ரூசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால், ஒயில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும். கியர் பெட்டியைத் திறந்தால் குறைவு, டிரான்ஸ்ஃபரைத் திறந்தால் வழிகிறது. வெளியே ஒரு துளி ஒழுக்கும் இருக்காது, ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வார். அந்த சீல் மாற்றுகிற வரைக்கும் இரண்டு பெட்டியிலும் ஒரே ஒயில் இருப்பதுதான் நல்லது.

பின் டிஃப்புக்கு ஜீஎல் 5. தடிப்பு 80டபிள்யூ-90 போதும், சாதாரண மினரல் ஒயிலே போதும். இந்த இடத்தில் மோதல் வரும் என்று தெரியும், ஏனென்றால் எங்கள் பக்கம் சூடு, சூட்டுக்கு நூற்றி நாற்பதுதான் என்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. கந்தளாயிலிருந்து நெல் மூட்டை அளவுக்கு மிஞ்சி ஏற்றி வருகிறவர், படகு வைத்த டிரெய்லர் இழுக்கிறவர், பல் தேய்ந்து சத்தம் போடும் பழைய டிஃப் வைத்திருப்பவர், இவர்களுக்கு 85டபிள்யூ-140 விடலாம், கையேடும் பல வண்டிகளுக்கு அதை அனுமதிக்கிறது. சும்மா டவுனுக்கும் நிலாவெளிக்கும் ஓடுகிற வண்டிக்கு அது தேவையில்லை. தடித்த ஒயிலைக் கடைவதற்கே எஞ்சின் வேலை செய்யவேண்டும், டீசல் விலையில் அது யாருக்கு லாபம்? புதிய வண்டிகளில் இன்னும் மெல்லிசாக 75டபிள்யூ-85 கேட்பதையும் பார்க்கலாம். கேட்டால் அதையே விடுங்கள், "மெல்லிசாக இருக்கிறதே" என்று பயப்படவேண்டாம்.

பின் டிஃப் எல்எஸ்டி (லிமிட்டட் ஸ்லிப் டிஃப், ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் குறைக்கும் வகை) ஆக இருந்தால் மட்டும் கவனம். உள்ளே சின்னக் கிளச் தட்டுகள் இருக்கும், அவற்றுக்கென்று மருந்து சேர்த்த ஒயில் வேண்டும், கானில் எல்எஸ் அல்லது லிமிட்டட் ஸ்லிப் என்று போட்டிருக்கும். சாதாரண ஜீஎல் 5 விட்டால் சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் "டக் டக் டக்" என்று நடுங்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால்: சமதரையில் முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, பின் அச்சை இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் இருத்தி, கியரை நியூட்ரலில், டிரான்ஸ்ஃபரை டூ வீலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிஃப். ஒரே பக்கம் சுற்றினால் அனேகமாக எல்எஸ்டி. வெறும் ஜக்கில் நிற்கிற வண்டிக்குக் கீழே மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள்.

முன் டிஃப்புக்கும் பின் டிஃப்பின் அதே ஜீஎல் 5 தான். ஆனால் எல்லாரும் மறந்துபோகிற பெட்டி இது. ஃபோர் வீல் போடாமல், முன் சில்லை அச்சோடு பூட்டும் ஹப்பைத் திறந்து வைத்தால் உள்ளே பல் சுற்றாது, ஒயில் அடியில் உறங்கும், மேலே உள்ள பெயாரிங்கும் சீலும் காய்ந்து கிடக்கும். மாதத்தில் ஒரு பதினாறு கிலோமீற்றராவது ஃபோர் வீலில் ஓடச்சொல்லி டொயோட்டா கையேடு சொல்வது இதற்காகத்தான். தார் ரோட்டில் ஓடாதீர்கள், மணலிலோ கிரவலிலோ ஓடுங்கள். தாரில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் முன் சில்லும் பின் சில்லும் ஒன்றையொன்று முறுக்கும், அந்த முறுக்கை எந்த ஒயிலும் தாங்காது.

என் மாதிரி முழு முன் அச்சு உள்ள வண்டியில் இன்னொன்று இருக்கிறது. சில்லுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு கூடு தெரியும், அதற்குள் திரும்புகிற மூட்டு இருக்கிறது. அங்கே ஒயில் இல்லை, மொலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். உள் சீல் போனால் டிஃப் ஒயில் அதற்குள் ஒழுகிக் கிரீஸைக் கரைத்து, வெளியே கறுப்புக் கஞ்சி மாதிரி வடிய வைக்கும். அப்படிக் கண்டால் டிஃப்புக்கு மேலே மேலே ஒயில் விட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை, சீலை மாற்றுங்கள்.

எங்களுக்கு எதிரி தண்ணீர்

வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் சிந்தெடிக், குளிர், எரிபொருள் சிக்கனம் என்று கதைப்பார்கள். திருகோணமலையில் டிஃப் சாவது அதனால் அல்ல, உப்புத் தண்ணீரால். படகு இறக்கவும் ஏற்றவும் பின் அச்சுக் கடலில் முட்டும்வரை இறக்குகிறோம். மாரி வெள்ளத்தில் வெருகல் பக்கம், தம்பலகாமம் வயல் ரோட்டுப் பக்கம் தண்ணீருக்குள் ஓடுகிறோம்.

என்ன நடக்கிறது என்றால், ஓடி வந்த டிஃப் சூடாக இருக்கும், உள்ளே காற்றும் சூடாக, விரிந்து இருக்கும். அப்படியே கடலுக்குள் இறக்கினால் சட்டென்று குளிரும், உள் காற்று சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். அச்சின் மேலே சின்னக் குமிழ் மாதிரி ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது, அதன் வழியாகக் காற்று வரவேண்டும். அது தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் வரும். மணலும் துருவும் பிடித்து அடைத்திருந்தால் சீல் உதட்டு வழியாகத் தண்ணீரை இழுக்கும். அடைப்பு மறுபக்கமும் கெடுதல் செய்யும்: ஓடும்போது உள்ளே அழுத்தம் கூடி, பின் சில்லு சீலைத் தாண்டி ஒயில் பிரேக் கட்டைமேல் வடியும். பிரேக் பிடிக்காமல் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கராஜுக்கு ஓடுவோம், காரணம் விரல் நுனி அளவு குமிழ்.

குச்சவெளியில் எனக்குத் தெரிந்த ஒருவர், மீன் வியாபாரம், தன்னுடைய பிக்கப்பால்தான் படகு ஏற்றுவார். "நானா, ஒருக்கா டிஃப் ஒயிலைப் பாருங்க" என்று சொன்னால் "ஓடுதுதானே தம்பி" என்பார். ஒரு நாள் புல்மோட்டை ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அறுபதில் "உய்ங்ங்" என்று ஒரு சத்தம், அக்சிலேட்டரை விட்டால் குறையும், மிதித்தால் ஏறும். வீட்டுக்கு வந்து அடிப் பிளக்கைக் கழற்றினோம். முதலில் தெளிந்த தண்ணீர் ஒரு கோப்பையளவு வந்தது, அதற்குப் பின்னால் பால் தேத்தண்ணி. ஒயில் என்று சொல்லக்கூடிய ஒன்றும் வரவில்லை. பினியன் பெயாரிங் துருப்பிடித்துப் புள்ளி விழுந்திருந்தது.

ஆகவே கடலில் அச்சு முட்ட இறக்கிய வண்டி என்றால் அன்றைக்கோ அடுத்த நாளோ பாருங்கள். இரவு முழுதும் நிற்க விட்டுக் காலையில், ஓட்டுவதற்கு முன்னால், அடிப் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி நாலு துளி வெளியே விடுங்கள். தண்ணீர் கனம், அடியில் நிற்கும், முதலில் அதுதான் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய தகரத்தைச் சூடாக்கி அதன்மேல் ஒரு துளி விடுங்கள், தண்ணீர் கலந்த ஒயில் கடுகு மாதிரி வெடிக்கும், சுத்தமான ஒயில் சும்மா புகையும். வீட்டுத் தோசைக்கல்லை எடுக்கவேண்டாம், நான் சொல்லத் தேவையில்லை. பால் நிறம் கண்டால் முழுதும் இறக்கி, மலிவான ஒயில் விட்டு ஒரு ஐந்து பத்துக் கிலோமீற்றர் மெதுவாக ஓடி, அதையும் இறக்கிவிட்டு, பிறகு நல்லதை விடுங்கள்.

மூச்சுக் குழாயை உயர்த்துவது இந்த ஊரில் செய்யக்கூடிய மிக லாபமான வேலை. குமிழைக் கழற்றி, அந்த இடத்தில் குழாய் முனை பூட்டி, ஒயில் தாங்கும் றப்பர் குழாயை அச்சு ஆடுவதற்கு இடம் விட்டு மேலே கொண்டுபோய், எஞ்சின் அறைக்குள்ளோ பின் விளக்குப் பக்கமோ உயரத்தில் கட்டி, நுனியில் ஒரு சின்ன ஃபில்டர். நாலு பெட்டிக்கும் செய்யலாம், குறைந்தது இரண்டு டிஃப்புக்கும் செய்யுங்கள்.

மாற்றும் இடைவெளியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். சாதாரண ஓட்டத்துக்கு 40,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். கடற்கரை, டிரெய்லர், வெள்ளம் என்றால் 20,000. தண்ணீர் போயிருந்தால் கணக்கு இல்லை, உடனே. விலை கூடிய சிந்தெடிக்கை வாங்கி விட்டுவிட்டு "இது ஒரு லட்சம் ஓடும்" என்று பார்க்காமல் விடுகிறவரைவிட, மினரல் 80டபிள்யூ-90ஐ அடிக்கடி மாற்றுகிறவரின் டிஃப்தான் நீண்ட நாள் இருக்கும். லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலை இங்கே சீனக்குடாவிலேயே இருக்கிறது, அவர்களுடைய செர்வோ கான் பல கடைகளில் கிடைக்கும். மற்றப் பிராண்டுகளும் கிடைக்கும். எதை வாங்கினாலும் மூடி முத்திரை உடையாத கானாக, ஜீஎல் எண்ணும் தடிப்பும் தெளிவாக அச்சிட்டதாக வாங்குங்கள். பீப்பாவிலிருந்து அளந்து தரும் லூஸ் ஒயில் டிஃப்புக்கு வேண்டாம், அதற்குள் என்ன மருந்து என்று விற்பவருக்கே தெரியாது.

மாற்றும்போது

முதலில் மேலே உள்ள, ஒயில் விடும் பிளக்கைத் தளர்த்துங்கள். அடிப் பிளக்கை அதற்குப் பிறகுதான் தொடவேண்டும். ஏன் என்றால் எங்கள் உப்புக் காற்றில் மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒயிலை எல்லாம் இறக்கிவிட்டு மேல் பிளக் கழலாவிட்டால் வண்டி நடு முற்றத்தில் நிற்கும், கயிறு கட்டித்தான் இழுக்கவேண்டும். பிளக் தலை அறுகோண நட்டா, உள்ளே குழியா என்று பார்த்து, அதற்குச் சரியான சொக்கட்டை மட்டும் போடுங்கள். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்டியை ஒரு பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி இறக்குங்கள். அடிப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், விபூதி மாதிரி மிருதுவாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகத்துண்டு மாதிரிச் சில்லாக ஏதாவது அகப்பட்டால் பல் உடைந்திருக்கிறது, டிஃப்பைத் திறக்கவேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் கியர் பெட்டியில் வந்தால் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன்.

பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், தேத்தண்ணிக் காசுக்குப் புதியது கிடைக்கும். அடிப் பிளக்கைப் பூட்டிவிட்டு, கைப் பம்பால் விடலாம், அல்லது மேலிருந்து ஒரு புனலும் தெளிந்த குழாயும் வைத்து விடலாம், பொறுமை வேண்டும், தொண்ணூறு தேன் மாதிரித்தான் இறங்கும். மேல் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். சின்ன விரலை உள்ளே விட்டு மடக்கினால் ஒயில் நுனியில் முட்டவேண்டும். சில பெட்டிகளுக்கு மட்டம் விளிம்புக்குக் கீழே என்று கையேட்டில் இருக்கும், அதைப் பாருங்கள். அளவுக்குச் சொன்னால் கியர் பெட்டிக்கு இரண்டரை முதல் நாலு லீற்றர், டிரான்ஸ்ஃபருக்கு ஒரு லீற்றர் சொச்சம், முன் டிஃப்புக்கு ஒன்றரை இரண்டு, பின்னுக்கு இரண்டு மூன்று, மொடலுக்கு மொடல் மாறும். ஆகவே வாங்கும்போது ஜீஎல் 4 ஒரு பக்கம், ஜீஎல் 5 ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நான் கான் மூடிகளில் வெள்ளைப் பெயின்றால் "பெட்டி", "டிஃப்" என்று எழுதிவைக்கிறேன், உதவிக்கு வருகிற பொடியன்கள் மாற்றி ஊற்றிவிடாமல் இருக்க.

பிளக்குகளை முறுக்கும்போது குழாய் போட்டு நீட்டிய ஸ்பனரால் பலத்தைக் காட்டாதீர்கள். கியர் பெட்டி அலுமினியம், புரி போனால் போனதுதான். ஐம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை கீழே குனிந்து ஒழுக்குப் பாருங்கள்.

இறக்கிய பழைய ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசுகிறோம், மிச்சத்தை மூலையில் ஊற்றிவிடுகிறோம், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் தரை, கிணறும் ஆழமில்லை, இன்றைக்கு ஊற்றியதை நாளைக்கு வாளியில் இழுப்பீர்கள். வந்த கானிலேயே திருப்பி அடைத்து, பழைய ஒயில் எடுக்கிற சேவிஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். கானின் மேல் "பழசு" என்று எழுத மறக்கவேண்டாம், ஒருமுறை என் மச்சான் அதைப் புதியது என்று நினைத்து ரக்டருக்கு விடப் பார்த்தார்.